நெஞ்செரிச்சலும் நிதானமும்

நெஞ்சு எரிகிறது என்று சொல்லுகிறோம். உண்மையில் எரிவது நெஞ்சன்று, உணவுக்குழாய். இதனை நான் அறிந்தது பாடநூலால் அன்று, பட்ட துன்பத்தால்.

தலைமையாசிரியனாக இருந்த நாளில் காலை இட்டிலியை நின்றபடியே விழுங்குவேன். பள்ளியில் மும்முறை காப்பி. இரவு ஒன்பதரை மணிக்கு மேல் வயிறு நிறைய உண்டு, உடனே படுத்துவிடுவேன். நள்ளிரவில் புளித்த நீர் தொண்டைவரை எதுக்களித்து வரும். சோடா உப்பைக் கரைத்துக் குடிப்பேன், சற்று அடங்கும், மறுநாள் மீண்டும் வரும். ஓரிரவு மார்பு இறுகி வலித்தது. மாரடைப்போ என்று வீடே கலங்கியது. மருத்துவர் நன்கு சோதித்துவிட்டு, "இதயத்தில் குறையில்லை, ஐயா; குறை உங்கள் சாப்பாட்டு வேளையில்தான்" என்றார்.

பாட்டிமார் இடுப்பில் செருகும் சுருக்குப் பையை நேயர்கள் கண்டிருப்பீர்கள். நம் இரைப்பையின் மேல்வாயும் அத்தகையதே. உணவு இறங்கும்போது நெகிழும், இறங்கியபின் இறுகும். உள்ளே சுரக்கும் அமிலத்தைத் தாங்க இரைப்பைக்கு உட்கவசம் உண்டு. உணவுக்குழாய்க்கோ அத்தகைய காப்பு இல்லை. பையை மிகுதியாக நிரப்பினாலும், நிரம்பிய பையைக் கிடத்தினாலும் வாய் நெகிழ்ந்து அமிலம் மேலேறும். எண்ணெய்ப் பண்டம், புகையிலை, மது ஆகியவையும் அவ்வாயைத் தளர்த்தும். பருத்த வயிறு அதனை அழுத்தும்.

மனத்திற்கும் இதில் பங்குண்டு. 1822-ஆம் ஆண்டில், துப்பாக்கிக் காயத்தால் வயிற்றில் ஆறாத துளை ஏற்பட்ட ஓர் இளைஞனுக்கு அமெரிக்க இராணுவ மருத்துவர் வில்லியம் போமாண்ட் சிகிச்சை செய்தார். பின்னர் அத்துளை வழியே செரிமானத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து, 1833-இல் நூலாக வெளியிட்டார். சினத்தால் இரைப்பையின் செயல் மாறுவதையும் அவர் குறித்துள்ளார். கவலையுற்ற வேளையில் சிறு எரிவும் பேரெரிவாகத் தோன்றும் என்பது என் அனுபவமுமாகும்.

நான் செய்தவற்றைச் சொல்லுகிறேன். முதலில் ஒரு குறிப்பேடு வைத்தேன். உண்டது, உண்ட நேரம், எரிந்த நேரம் ஆகியவற்றை இரு வாரம் எழுதினேன். எனக்குப் பகையானவை வடையும், காரக் குழம்பும், இரவுக் காப்பியும் என்று விளங்கிற்று. பிறருக்கு வேறாக இருக்கலாம். ஆகவே எல்லாவற்றையும் துறக்க வேண்டுவதில்லை. படுக்கைக்கு மூன்று மணி நேரம் முன்பே இரவுணவை முடித்தேன். அரை வயிறு உண்டேன். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் அரையடி உயரத்திற்குக் கட்டைகள் வைத்தேன். தலையணைகளை அடுக்கினால் இடுப்பு மடிந்து வயிறு அழுந்தும், அது பயன்படாது. இடப்புறம் சாய்ந்து படுப்பது நன்று.

மாலையில் பத்து நிமிடம் நிமிர்ந்து அமர்ந்து, வயிற்றின்மேல் கை வைத்து, அக்கை உயருமாறு மெல்ல மூச்சை இழுத்து, அதனினும் மெல்ல விடுகிறேன். உதரவிதானம் என்னும் மூச்சுத் தசை இரைப்பை வாயைச் சூழ்ந்து அதற்குத் துணை நிற்பது. அதற்குப் பயிற்சியும், மனத்திற்கு அமைதியும் ஒருங்கே கிடைக்கின்றன.

ஓர் எச்சரிக்கை. மார்பு வலி தோள், தாடை, கை ஆகியவற்றிற்குப் பரவினாலோ, வியர்வையும் மூச்சுத் திணறலும் சேர்ந்தாலோ, "வாயுதான்" என்று வீட்டில் இருத்தல் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்க. விழுங்கத் தடை, காரணமின்றி உடல் மெலிதல், கருநிற மலம், இரத்த வாந்தி ஆகியவையும் தாமதத்திற்கு உரியவை அல்ல.

மணியடித்து ஆயிரம் பிள்ளைகளை வேளைக்கு உண்ண அனுப்பியவன் நான். அந்த மணி எனக்கும் சேர்த்துத்தான் அடித்தது என்பதை ஓய்வு பெற்ற பின்னரே உணர்ந்தேன். நேயர்கள் அத்தனை காலம் காத்திருக்க வேண்டா.