ஆங்கிலச் செயப்படுபொருள்: இடமும் உருபும்

செயப்படுபொருளை வேண்டிநிற்கும் வினை, செயப்படுபொருள் குன்றாவினை எனப்படும். தமிழில் அப்பொருளை ஐ உருபு உணர்த்துவதால், ‘யானை புலியைக் கொன்றது’ என்பது ‘புலியை யானை கொன்றது’ என மாறினும் பொருள் மாறுவதில்லை. ஆங்கிலப் பெயர்ச்சொற்களுக்கு இத்தகைய உருபு இல்லை. இயல்பான தொடரில் வினைக்கு முன் நிற்பது எழுவாய், பின் நிற்பது செயப்படுபொருள். இடம் மாறின், கொன்றது புலியாகிவிடும்.

‘டிஸ்கஸ்’, ‘என்டர்’ ஆகிய ஆங்கில வினைகள் விவாதப் பொருளையும் நுழையும் இடத்தையும் நேரடியாகவே செயப்படுபொருளாக ஏற்பன. அவற்றுக்கு நிகரான ‘விவாதி’, ‘நுழை’ என்பனவோ ‘பற்றி’, ‘உள்’ முதலியவற்றோடு வருதல் பெருவழக்கு. தமிழ் மாணவர் ‘டிஸ்கஸ்’ என்பதன்பின் ‘அபௌட்’ சேர்ப்பதற்கு இவ்வேறுபாடும் ஒரு காரணமாகும். ஆகவே, வினையின் பொருளோடு அது செயப்படுபொருளை ஏற்கும் முறையையும் சேர்த்தே கற்பித்தல் வேண்டும்.