சாதிக் காழ்ப்பும் தண்டனையும்

ஒருவன் மற்றொருவனை அடிக்கின்றான். அடியுண்டவன் கைமுறிந்து வீழ்கின்றான். அடித்தவன் கடன் தகராற்றால் அடித்திருக்கலாம், குடிவெறியால் அடித்திருக்கலாம், அன்றி, 'இன்ன குலத்திற் பிறந்தவன் என் முன்னே தலைநிமிர்ந்து நடப்பதா?' என்னும் எண்ணத்தால் அடித்திருக்கலாம். மூன்றிடத்தும் முறிந்த எலும்பு ஒன்றே. அங்ஙனமாயின், மூன்றாமவனுக்கு மட்டும் சட்டம் மிகுதியான தண்டனை விதித்தல் முறையாகுமா? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இஃது எங்கோ பிறநாட்டார்க்கு உரிய வினா என்று பொருநைக்கரையில் வாழும் நாம் ஒதுக்குதற்கில்லை. 2023-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், நாங்குநேரியில், பட்டியலினத்தைச் சார்ந்த பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் ஒருவர் தம் இல்லத்திலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்; தடுக்கச் சென்ற தங்கையும் வெட்டுண்டாள். பிடிபட்டோருள் அவரோடு ஒரே பள்ளியிற் பயின்ற மாணாக்கர் இருந்தனர். இதன்பின் அரசு அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு, 2024 ஜூன் மாதத்தில் அளித்த அறிக்கையில், மாணாக்கர் தம் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைக் கையிற் கட்டுதல் கூடாதெனப் பரிந்துரைத்தது. 2025 ஜூலையில், பாளையங்கோட்டையில் பட்டியலின இளைஞர் ஒருவர் வெட்டுண்டு மாண்டார். சாதி கடந்த நட்பே அதற்குக் காரணம் என்பது குற்றச்சாட்டு. அவ்வாண்டு அக்டோபரில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச்சட்டம் குறித்து ஆராய நீதிபதி கே. என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படுமென அரசு அறிவித்தது.

நோய் புதிதன்று. இதே ஆற்றங்கரையிலுள்ள சேரன்மாதேவியில், வ. வே. சு. ஐயர் நடத்திய குருகுலத்தில் அந்தணச் சிறார்க்குத் தனிப்பந்தி இடப்பட்டமை, 1924, 1925 ஆகிய ஆண்டுகளில் தமிழகமெங்கும் பெரும்பூசலை விளைத்தது. அன்று பந்தி வேறாயிற்று. இன்று கயிறு வேறாயிற்று. நூறாண்டு கழிந்தும் பிள்ளைகளிடையே பிரிவு மாறிற்றில்லை.

இனி, மிகுதண்டனையை மறுப்போர் கூறும் காரணங்களைக் காண்போம். சட்டம் செயலை ஒறுப்பதேயன்றி எண்ணத்தை ஒறுத்தல் தகாது என்பது முதலாவது. எல்லா உயிரும் ஒருநிகரனவாதலின், ஓர் உயிர்க்கு இழைத்த தீங்கிற்கு மிகுதியும் மற்றோர் உயிர்க்கு இழைத்த தீங்கிற்குக் குறைவும் ஆகத் தண்டித்தல் நடுவுநிலை அன்று என்பது இரண்டாவது. இரண்டும் எளிதில் தள்ளத்தக்கன அல்ல.

முதலாவதற்கு விடை கூறுவோம். வெறும் எண்ணத்தை எச்சட்டமும் ஒறுத்தல் கூடாது, அஃது உண்மை. ஆயின், செயலொடு கூடிய எண்ணத்தைச் சட்டம் என்றும் நோக்கியே வந்துள்ளது. பறவையை எய்த குண்டு தவறி மனிதனை மாய்த்தலும், பதுங்கியிருந்து பகைவனைச் சுடுதலும் ஒன்றென எந்நீதிமன்றமும் கொள்ளாது. மாண்ட உயிர் ஒன்றே. கருத்து வேறாதலின் தண்டனையும் வேறாகின்றது. ஆதலின், கருத்தை நோக்கித் தண்டனையை அளத்தல் புதுமையன்று.

இரண்டாவதற்கு விடை நம் வயல்வெளியிலேயே உளது. கோடகன் கால், கன்னடியன் கால் முதலிய கால்வாய்கள் பாயும் நாட்டினர் யாம். ஒருவன் மண்வெட்டியால் அயலான் வேலியை வெட்டினும் சேதமே. குளத்தின் கரையை வெட்டினும் சேதமே. மண்வெட்டியும் வெட்டும் ஒன்றே. ஆயினும், 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் சேதம் விளைத்தலுக்கு மூன்று மாதச் சிறையை உச்ச வரம்பாக வைத்து, அச்சேதத்தால் வேளாண்மைக்குரிய நீர் குறையுமாயின் ஐந்தாண்டு வரை விதிக்கலாம் என்றது. 2024 ஜூலை முதல் நாளில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் முன்னதற்கு ஆறு மாதமும், பின்னதற்கு ஐந்தாண்டும் என இவ்வேறுபாட்டைக் காத்துள்ளது. வேலி ஒருவனுடையது, கரையோ ஓர் ஆயக்கட்டு முழுவதையும் காப்பது என்பதே இதன் கருத்து.

சாதிக் காழ்ப்பால் விழும் வெட்டும் கரையில் விழும் வெட்டே. கடன் தகராற்றால் ஒருவன் அடியுண்டால் அவன் அண்டை வீட்டார் இரங்குவர், அஞ்சார். பிறப்பு நோக்கி ஒருவன் அடியுண்டால், அன்றிரவு அத்தெரு முழுதும் உறங்காது. மறுநாள் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தாய் தயங்குவாள். கடன்பட்டவன் கடனை இறுத்துத் தப்பலாம். பிறந்த குலத்தை இறுத்துத் தப்புதற்கு வழியில்லை. மேலும், அவ்வெட்டு பழிக்குப் பழி என மற்றொரு வெட்டை ஈனும். அமெரிக்க நாட்டு உச்சநீதிமன்றம் 1993-ஆம் ஆண்டில், விஸ்கான்சின் மாநில வழக்கொன்றில் மிகுதண்டனையை ஏற்றபோது, இத்தகைய குற்றம் பழிவாங்கலைத் தூண்டுதலையும், ஊரமைதியைக் குலைத்தலையும் காரணமாகக் காட்டிற்று. அவ்வழக்கில் தாக்குண்டவன் வெள்ளைச் சிறுவன். தண்டனை பெற்றவர் கருப்பினத்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. ஆகவே, மிகுதண்டனை என்பது ஓர் உயிர்க்கு மிகுந்த விலை வைப்பதன்று. பரந்த தீங்கைப் பரந்ததென அளப்பதே.

நம் நாடு இவ்வளவையை மெல்ல மெல்லவே கைக்கொண்டது. 1950-இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17-ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. 1955-இல் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் பிறந்தது. அது போதாமையின், 1989-இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இயற்றப்பட்டது. பத்தாண்டோ அதற்கு மேலோ சிறைக்குரிய குற்றத்தைச் சாதி காரணமாக இழைத்தால் ஆயுட்சிறை என்றது அச்சட்டம். காரணத்தை மெய்ப்பித்தல் அரிதாதலின், பல வழக்குகளில் குற்றம் நிலைபெற்றும் இப்பிரிவு மட்டும் நிலைபெறாது போயிற்று. எனவே, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம், தாக்குண்டவர் இன்ன இனத்தவர் என்பதை அறிந்து இழைத்தலே போதும் என மாற்றியது.

இவ்விடத்தில் யாம் ஐயம் ஒன்றை மறையாது கூறல் வேண்டும். அறிதல் வேறு, வெறுத்தல் வேறு. ஒரே ஊரில் வாழ்வோர் ஒருவர் குலத்தை ஒருவர் அறிந்தே இருப்பர். அறிவு மட்டுமே மிகுதண்டனைக்குப் போதும் எனின், காழ்ப்பில்லாத சண்டையும் காழ்ப்பெனக் கொள்ளப்படலாம். திருவள்ளுவர் செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் பின்னர், வெருவந்த செய்யாமை என ஓர் அதிகாரம் வைத்தமை, ஒறுக்கும் கைக்கும் அளவு வேண்டும் என்பதை உணர்த்தவே என்பது எம் கருத்து. சொன்ன சொல், முன் விடுத்த மிரட்டல், தெரிந்தெடுத்த இடம் ஆகியவற்றால் காழ்ப்பை ஆய்ந்து காண்பதே நீதிமன்றத்தின் கடன்.

மற்றொரு குறை எம்மைச் சுடுவது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதியினர் இந்துக்களாக இருத்தல் வேண்டும், 1956-இல் சீக்கியரும், 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்பட்டிலர். ஒரே தெருவில், ஒரே குலத்திற் பிறந்த இருவருள் ஒருவர் கோயிலுக்கும் ஒருவர் தேவாலயத்துக்கும் செல்வாராயின், அவ்விருவரையும் ஒரே வசைமொழி கூறி ஒருவன் அடிப்பின், முன்னவர்க்கு வன்கொடுமைச் சட்டம் துணைவரும், பின்னவர்க்கு வாராது. அடிப்பவன் சான்றிதழைக் கேட்டு அடிப்பதில்லை. சட்டமோ சான்றிதழைக் கேட்கின்றது. நியாய சன்ஹிதாவின் 103-ஆம் பிரிவு, பட்டியல் எதுவும் நோக்காது, சாதி, இனம், மொழி முதலியவை காரணமாக ஐவரோ மேற்பட்டோரோ கூடிச் செய்யும் கொலையைத் தனியே எடுத்துரைக்கின்றது. ஆயின், நால்வர் கூடினாலோ, ஒருவன் தனியே வெட்டினாலோ அது பொருந்தாது. நெடுங்காலம் ஒடுக்கப்பட்டோர்க்குரிய தனிக்காவல் குறையாதிருத்தல் வேண்டும். அதனோடு, காழ்ப்பு எவர்மேற் பாயினும் அதனை அளக்கும் பொதுவிதியும் வேண்டும்.

இதனை எழுதும் யாம் எம் வீட்டுக் குறையையும் கூறாதிருத்தல் வஞ்சகமாம். ஒரே அப்பத்திற் பங்குபெறுவோர் திருமணத்திலும், சிலவூர்களிற் கல்லறைத் தோட்டத்திலும் கூடச் சாதி பார்த்தே பிரிகின்றனர். அரசின் சட்டத்தைக் குறைகூறும் வாய், தன் திருச்சபையின் சுவரையும் குறைகூறல் வேண்டும்.

தண்டனையின் கனம் மட்டும் போதுமா? போதாது. 1968-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் இரவு, மண்ணில் அமைதி என நாம் பாடும் அந்நாளிலேயே, கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டனர். கொலைக்குத் தூக்குவரை தண்டனை அன்றும் இருந்தது. எனினும், கீழ்நீதிமன்றம் தண்டித்த நிலக்கிழார்களை உயர்நீதிமன்றம் 1973-இல் விடுவித்தது. ஏட்டிலிருந்த கடுந்தண்டனை அம்மக்களுக்கு என் செய்தது? இதனாலன்றோ 1989-ஆம் ஆண்டுச் சட்டம் தனிநீதிமன்றத்துக்கு வழி செய்ததோடு, கடமை தவறும் அரசு ஊழியர்க்கும் சிறை வைத்தது. குறைந்த தண்டனை தப்பாது வருதல், பெருந்தண்டனை வாராது போதலினும் அஞ்சத்தக்கது.

நாங்குநேரியிற் பிடிபட்டோரோ சிறுவர். அவர்களை நெடுஞ்சிறையில் அடைப்பது வழக்கை முடிக்கும், நோயை முடிக்காது. அக்கயிற்றை முதன்முதல் அவர் கையிற் கட்டியவர் யார் என்னும் கேள்வி நீதிமன்றத்துக்கு அப்பாற்பட்டது. அது வீட்டிலும் பள்ளியிலும் விடைகாண வேண்டியது.

ஆதலின், காழ்ப்பால் இழைத்த குற்றத்திற்கு மிகுதண்டனை முறையே என்பதும், அக்காழ்ப்பு ஐயமற மெய்ப்பிக்கப்படல் வேண்டும் என்பதும், தாக்குண்டவர் எம்மதத்தினராயினும் அளவை ஒன்றாதல் வேண்டும் என்பதும் எம் துணிபு. கரையை வெட்டினவனை ஒறுத்தல் அரசின் கடன். வெட்டுண்ட கரையை அடைத்தற்கு மண் சுமத்தலோ ஊரார் அனைவர்க்கும் உரிய கடன். கல்லூரியில் ஒரே பலகையில் அமர்ந்து பயிலும் நாம் அக்கூடையை முதலில் எடுப்போமாக.