தோண்டும் முன்னே நிலத்தைக் கேட்போம்

ஓர் இடத்தை ஒரு முறைதான் அகழ முடியும். வெட்டி எடுத்த மண்ணடுக்கை யாராலும் பழையபடி அடுக்கிவைக்க இயலாது. குறிப்பேடும் படங்களும் கிடைத்த பொருள்களுமே மிஞ்சும். அதனால், உள்ளே இருப்பதை மண்வெட்டி படாமலே அறிய வழியிருக்கும்போது, அதைச் செய்யாமல் குழி வெட்டத் தொடங்குவது தவறு என்றே சொல்வேன்.

ரோம் நகருக்கு வடக்கே சுமார் 50 கிலோமீட்டரில் இருக்கிறது ஃபலேரி நோவி. கி.மு. 241இல் உருவாகி, கி.பி. 700 வாக்கில் மக்கள் கைவிட்ட ஊர். மதிலுக்குள் இருக்கும் 30.5 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 75 ஏக்கர் நிலம் முழுவதையும், கேம்பிரிட்ஜ், கெண்ட் (Ghent) பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள் நான்கு சக்கர பைக்கில் ரேடார் கருவியைக் கட்டி இழுத்தே அளந்தார்கள். கருவி மண்ணுக்குள் அனுப்பும் ரேடியோ அலை, கல்லிலோ செங்கல்லிலோ பட்டுத் திரும்பும். திரும்பி வர ஆகும் நேரத்தை வைத்து ஆழத்தைக் கணக்கிடுவார்கள். 12.5 சென்டிமீட்டருக்கு ஓர் அளவீடு எடுத்து, 2020இல் முடிவுகளை வெளியிட்டார்கள். கோயில், சந்தை, குளியல் கூடம் எல்லாம் தெரிந்தன. ஆனால் தண்ணீர்க் குழாய்கள்தான் எனக்குப் பெரிய சேதி. அவை தெருவோரமாக மட்டுமல்ல, கட்டடங்களுக்கு அடியிலும் ஓடின. வீடுகள் எழும்பிய பிறகு அப்படிப் பதிப்பது எளிதன்று. கட்டுவதற்கு முன்பே நீர்வழியைத் திட்டமிட்டிருக்கிறார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகக் குழி வெட்டியிருந்தால் குழாய்த் துண்டுகள் கிடைத்திருக்கும். இந்தத் திட்டம் புலப்பட்டிருக்காது.

ரேடார் காலத்தைச் சொல்லாதே என்று கேட்கலாம். உண்மைதான், காலக் கணிப்புக்கு நாணயமோ கரித்துண்டோ கைக்கு வர வேண்டும். ஈரக் களிமண் அலையை விழுங்கிவிடும். அங்கே, சுட்ட மண்ணின் காந்தத்தை அறியும் காந்தமானி போன்ற வேறு கருவிகளை நாட வேண்டியிருக்கும். எல்லாவற்றையும்விட வலுவான மறுப்பு, படத்தைத் தவறாக வாசிக்கும் ஆபத்து. இங்கிலாந்தில் ஸ்டோன்ஹெஞ்சுக்கு அருகே டரிங்டன் வால்ஸ் என்னும் தொல்லிடத்தின் மண்கரைக்கு அடியில் 90 பெருங்கற்கள் வரை புதைந்திருக்கலாம் என்று, ரேடார் படத்தை வைத்து ஆய்வாளர்கள் 2015இல் அறிவித்தார்கள். மறு ஆண்டு அகழ்ந்தபோது ஒரு கல்கூட இல்லை. மரத்தூண்கள் நின்ற குழிகளும் அவற்றில் நிரம்பிய சுண்ணப்பாறைத் துண்டுகளுமே இருந்தன. இதைக் கருவியின் தோல்வி என்று நான் எண்ணவில்லை. குழிகள் இருந்தன, ரேடார் காட்டிய இடத்திலேயே இருந்தன. அவற்றுள் நின்றது கல்லா மரமா என்பதில்தான் மனிதர்கள் பிசகினார்கள். அதைத் தீர்க்கக் கரை முழுவதையும் புரட்ட வேண்டியிருக்கவில்லை. எந்த இடத்தைத் திறந்து பார்ப்பது என்று 2016இல் வழிகாட்டியதும், தவறாக வாசிக்கப்பட்ட அதே ரேடார் படம்தான்.