பெட்டிக்குள் அடங்கிய எதிரொலி

மலையடிவாரத்தில் நின்று கூவுவோர்க்குச் சற்றுப் பின் அக்குரல் திரும்பி வருதல் யாவரும் அறிந்ததே. ஒலி காற்றிலே செக்கனுக்கு ஏறக்குறைய 343 மீற்றர் செல்வது. ஆதலால், 58 மீற்றர் தொலைவிலுள்ள பாறையில் மோதிய குரல் போய்வருவதற்குச் செக்கனில் மூன்றிலொரு பங்கு வேண்டும். கித்தார் வாசிப்போர் இன்று அப்பாறையை உள்ளங்கையளவான பெட்டியொன்றில் அடக்கிக் காலடியில் வைத்துள்ளனர். 'டிலே பெடல்' என வழங்குவது அதுவே.

முன்னாளில் இப்பணியைக் காந்த நாடா செய்தது. ஒலியை ஓரிடத்திற் பதிந்து, சற்று அப்பால் மீண்டும் ஒலிக்கச் செய்தனர். 1969ஆம் ஆண்டு பிலிப்ஸ் ஆய்வுகூடத்திலே, தீயணைப்போர் நீர்வாளியைக் கைமாற்றுதல் போல, மின்னேற்றத்தைக் கொள்ளளவிகளின் வரிசை வழியே கைமாற்றும் முறை உருவாயிற்று. பின்னர் வந்தது இலக்கமுறை.

தைவான் நாட்டுப் பிரின்ஸ்டன் டெக்னாலஜி நிறுவனத்தின் பீ.ரீ.2399 என்னும் சில்லு, கரோக்கி போன்ற கருவிகளுக்கெனப் பிறந்தது. எனினும், விலை குறைந்த பல பெடல்களின் உயிர்நிலை இதுவே. ஒலியை இலக்கங்களாக்கி, ஏறக்குறைய 44,000 இடங்களையுடைய நினைவகத்தில் வரிசையாக நிறுத்தி, மறுமுனையில் மீண்டும் ஒலியாக்கித் தருவது இதன் தொழில். வரிசை எவ்வளவு விரைவாக நகர்தல் வேண்டும் என்பதைச் சில்லின் 6ஆம் காலில் இணைக்கப்படும் தடை தீர்மானிக்கின்றது. தடை அரைக் கிலோ ஓமாயின் தாமதம் 31 மில்லிசெக்கன், 27.6 கிலோ ஓமாயின் 342 மில்லிசெக்கன்.

இவ்வுண்மையை அறிந்தவர் பெடலைத் திருத்துதல் எளிது. அங்குள்ள மாறுந்தடையை நீக்கி 50 கிலோ ஓம் உடையதை ஈயம் பற்றவைத்தால், தாமதம் ஏறக்குறைய 600 மில்லிசெக்கனாக நீளும். ஆயின், நினைவகம் பெருகவில்லை; அதே இடங்கள் மெதுவாக நகர்கின்றன. ஒலியை அளக்கும் தடவைகள் குறைவதனால் இரைச்சல் மிகுந்து, தெளிவு குன்றுகின்றது. தயாரித்தோரின் கணக்கின்படியே, 31 மில்லிசெக்கனில் நூற்றுக்கு 0.13 ஆயிருந்த ஒலிச்சிதைவு, 342 மில்லிசெக்கனில் நூற்றுக்கு ஒன்றாகின்றது.

இரண்டாவது திருத்தம், எதிரொலியின் ஒரு பகுதியை மீண்டும் உள்ளே செலுத்தும் வழியைப் பற்றியது. அவ்வழியிலுள்ள தடையைக் காலால் அழுத்தும் ஓர் ஆளியினாற் குறைத்தால், ஒவ்வொரு சுற்றிலும் ஒலி தேய்வதற்கு மாறாக வளர்ந்து ஊளையிடும். காலை எடுத்ததும் அது தணியும். மூன்றாவது, பெடலை நிறுத்தும்போது எதிரொலியை வெட்டாது, உள்ளே செல்லும் ஒலியை மாத்திரம் தடுத்தலாகும். அப்போது இறுதிச் சுரம் கோயில் மணியின் கார்வைபோல் மெல்லத் தேய்ந்தடங்கும்.

இவற்றில் இறங்கும் மாணவர் சிலவற்றை மனத்திற் கொள்ளல் வேண்டும். ஒன்பது வோல்ற் மின்கலத்தில் இயங்கும் பெடலைத் திறக்கலாம். வீட்டு மின்சாரத்தோடு இணையும் பெட்டியைத் திறத்தலாகாது. தடை மிகக் குறைந்த நிலையில் மின் பாய்ந்தால் சில்லு மரத்துப்போதலும் உண்டு. எனவே மாறுந்தடையோடு ஒரு கிலோ ஓம் தடையைத் தொடராக வைத்தல் நன்று. ஊளையைச் சோதிக்குமுன் ஒலிபெருக்கியைத் தணித்தல் வேண்டும். ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்க. கழற்றிய உறுப்பைக் குறிப்புடன் காத்து வைக்க.

புதிய பெடல்கள் பலவற்றிலே செயலனைத்தும் கணினி நிரலாகப் பூட்டப்பட்டிருத்தலால், ஈயக்கோலுக்கு அங்கே வேலையில்லை. விலை குறைந்த இச்சிறு பெட்டியோ திறப்போரிடம் எதையும் மறைப்பதில்லை. நேரத்தை நீட்டினால் தெளிவு குறையும் என்னும் விதியை ஏட்டில் ஒரு வரியாகப் படிப்பவன் மறந்துவிடலாம். தன் கையாற் பற்றவைத்த தடையைத் திருகித் தன் செவியாற் கேட்டவன் எளிதில் மறவான்.