விமான இருக்கை வகுப்புகள்

விமான இருக்கை வகுப்புகள் என்பவை, ஒரே விமானத்தில் செல்லும் பயணிகளுக்கு அவர்கள் செலுத்தும் கட்டணத்துக்கு ஏற்ப ஒதுக்கப்படும் வெவ்வேறு தரத்திலான இருக்கைப் பகுதிகள் ஆகும். எகானமி எனப்படும் சிக்கன வகுப்பு, அதற்கு அடுத்த பிரீமியம் எகானமி, பிசினஸ் எனப்படும் வணிக வகுப்பு, முதல் வகுப்பு என இவை நான்கு. எல்லா விமானங்களிலும் நான்கும் இருப்பதில்லை. இண்டிகோ, ஏர் ஏசியா போன்ற நிறுவனங்கள் நெடுங்காலம் சிக்கன வகுப்பை மட்டுமே வைத்து வளர்ந்தவை. முதல் வகுப்போ இன்று சில நிறுவனங்களிடம் மட்டுமே எஞ்சியுள்ளது.

முன்வரிசைப் பயணியும் கடைசி வரிசைப் பயணியும் ஒரே நேரத்தில் புறப்பட்டு ஒரே நேரத்தில்தான் போய்ச் சேருகிறார்கள். உணவு, கூடுதல் பெட்டி, ஓய்வறை, முதலில் ஏறும் உரிமை ஆகியவை விளம்பரங்களில் பெரிதாகக் காட்டப்பட்டாலும், உயர் வகுப்புப் பயணி அடிப்படையில் விலை கொடுத்து வாங்குவது விமானத்தின் தரையில் கூடுதலாகச் சில சதுர அடிகளைத்தான்.

வரலாறு

தொடக்க காலத்தில் விமானப் பயணம் என்றாலே இன்றைய முதல் வகுப்புதான். அட்லாண்டிக் பெருங்கடலைக் கடக்கும் தடங்களில் 1952ஆம் ஆண்டு மே மாதம் சுற்றுலா வகுப்பு என்ற பெயரில் குறைந்த கட்டண இருக்கைகள் வந்தன. 1958இல் அதைவிடக் குறைந்த கட்டணத்தில் எகானமி வகுப்பு வந்தது. 1978இல் அமெரிக்கா விமானக் கட்டணங்கள் மீதான அரசுக் கட்டுப்பாட்டை நீக்கியது. சலுகைக் கட்டணங்கள் பெருகின. முழுக் கட்டணம் கட்டிய அலுவல் பயணியும் பாதிக் கட்டணம் கட்டியவரும் அடுத்தடுத்து உட்காரும் நிலை வந்தபோது, முன்னவரைத் தக்கவைக்கப் பிறந்ததே வணிக வகுப்பு. பிரீமியம் எகானமி 1990களின் தொடக்கத்தில் தைவானின் ஈவா ஏர், பிரிட்டனின் வர்ஜின் அட்லாண்டிக் ஆகிய நிறுவனங்களால் அறிமுகமானது. இந்தியாவில் இதை முதலில் கொண்டுவந்தது 2015இல் பறக்கத் தொடங்கிய விஸ்தாரா. அந்நிறுவனம் 2024 நவம்பரில் ஏர் இந்தியாவுடன் இணைந்துவிட்டது.

சிக்கன வகுப்பு: இடைவெளியும் அகலமும்

ஓர் இருக்கையின் வசதியைச் சொல்ல விமானத் துறையினர் முதலில் கூறும் அளவு பிட்ச். ஓர் இருக்கையின் ஒரு புள்ளியிலிருந்து அதற்கு முன்னால் உள்ள இருக்கையின் அதே புள்ளி வரையிலான தூரமே இது. சிக்கன வகுப்பில் இது பெரும்பாலும் 28 முதல் 32 அங்குலம் வரை இருக்கும். சில நிறுவனங்கள் 34 அங்குலம் வரை தருகின்றன.

பலரும் இதைக் கால் நீட்டக் கிடைக்கும் இடம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. முதுகுச் சாய்வின் தடிமனும் இந்த அளவுக்குள்ளேயே அடங்கும். 31 அங்குலம் என்பது ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். அதில் சாய்வின் தடிமன் 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் மீதி 69. சராசரி உயரமுள்ள ஒருவர் உட்காரும்போது இடுப்பின் பின்புறத்திலிருந்து முழங்கால் முனை வரை ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் வரும். முழங்காலுக்கு முன்னால் எஞ்சுவது ஒரு கைவிரல் நீளம். முன்னால் இருப்பவர் சாய்ந்தால் அதுவும் சுருங்கும். இதனால்தான் மெல்லிய சாய்வு கொண்ட புதிய இருக்கையில் 29 அங்குலமும், பஞ்சு தடித்த பழைய இருக்கையில் 31 அங்குலமும் முழங்காலுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே படும். ஆனால் மெல்லிய இருக்கையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் உட்காருமிடம் வலிக்கத் தொடங்கும் என்ற குறைபாடு பரவலாகக் கேட்கப்படுகிறது.

பிட்ச் பற்றிப் பேசுபவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். நீண்ட பயணத்தில் அதிகம் துன்புறுத்துவது அகலக் குறைவுதான். கால் இடிக்கிறது என்றால் எழுந்து சிறிது நடக்கலாம். தோளோடு தோள் உரசிக்கொண்டிருக்கும் பக்கத்துப் பயணியை என்ன செய்வது? அகலத்தைத் தீர்மானிப்பது விமானத்தின் மாதிரியும், ஒரு வரிசையில் எத்தனை இருக்கைகளை நிறுவனம் அடைத்துள்ளது என்பதும். போயிங் 777 முதலில் வந்தபோது சிக்கன வகுப்பில் வரிசைக்கு 9 இருக்கைகள் இருப்பதே வழக்கம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18.5 அங்குல அகலம். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதே விமானத்தில் வரிசைக்கு 10 இருக்கைகள் வைக்கின்றன. அகலம் ஏறத்தாழ 17 அங்குலமாகிவிட்டது. போயிங் 787இலும் இதே கதைதான். 8 இருக்கைகள் வசதியாக அமையும் வரிசையில் ஏறக்குறைய எல்லோரும் 9 வைத்துள்ளனர். ஜப்பான் ஏர்லைன்ஸ் பன்னாட்டுத் தடங்களில் எட்டோடு நிறுத்திக்கொண்டது குறிப்பிடத்தக்க விதிவிலக்கு. ஏர்பஸ் ஏ350இல் 9 இருக்கைகள் வைத்தாலும் 18 அங்குலம் கிடைக்கும். உள்நாட்டுத் தடங்களில் பறக்கும் சிறிய விமானங்களில், ஏர்பஸ் ஏ320இன் உட்புறம் போயிங் 737ஐ விட அகலமானது. இரண்டிலும் வரிசைக்கு ஆறு பேர் என்பதால் முன்னதில் ஒவ்வொருவருக்கும் ஓர் அங்குலம் கூடுதலாகக் கிடைக்கிறது.

அவசர வழியை ஒட்டிய வரிசையில் கால் நீட்ட நல்ல இடம் உண்டு. ஆபத்து நேரத்தில் கதவைத் திறக்க உதவக்கூடியவர்களுக்கே அது தரப்படும். முதியவர்களுக்கும் சிறுவர்களுக்கும் கிடைக்காது. தடுப்புச் சுவருக்கு அடுத்த முதல் வரிசையில் முன்னிருக்கையின் தொல்லை இல்லை. ஆனால் உணவு மேசை கைப்பிடிக்குள் மடிக்கப்பட்டிருப்பதால் இருக்கையின் அகலம் சற்றுக் குறையும். புறப்படும்போதும் இறங்கும்போதும் கைப்பையைக் காலடியில் வைக்கவும் முடியாது. குழந்தைத் தொட்டில்கள் மாட்டப்படுவதும் அங்கேதான்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

பிரீமியம் எகானமி என்ற பெயர் எல்லா விமானங்களிலும் ஒரே பொருளைத் தருவதில்லை. பன்னாட்டுத் தடங்களில் ஓடும் பெரிய விமானங்களில் அது தனி இருக்கை: ஏறத்தாழ 38 அங்குல இடைவெளி, 19 அங்குலத்தை ஒட்டிய அகலம், நன்கு சாயும் முதுகு, காலைத் தாங்கும் பலகை. உள்நாட்டுத் தடங்களில் ஓடும் ஏர் இந்தியாவின் ஏ320 விமானங்களிலோ பிரீமியம் எகானமியிலும் மூன்று மூன்றாக வரிசைக்கு ஆறு பேர்தான். முழங்காலுக்குக் கூடுதல் இடம் உண்டு, தோளுக்கு இல்லை.

வணிக வகுப்பிலும் இந்தக் குழப்பம் உண்டு. ஐரோப்பாவுக்குள் பறக்கும் பல விமானங்களில் வணிக வகுப்பு என்பது வழக்கமான மூன்று இருக்கைகளில் நடு இருக்கையைக் காலியாக விடுவது மட்டுமே. இந்திய உள்நாட்டு விமானங்களில் அது அகலமான சாய்வு நாற்காலி. நெடுந்தூரத் தடங்களில் அது படுக்கையாக விரியும். முழுவதும் கிடைமட்டமாகும் படுக்கையை வணிக வகுப்புக்கு முதலில் கொண்டுவந்தது பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2000ஆம் ஆண்டில். பின்னர் ஒவ்வொருவரும் நேரடியாக நடைபாதைக்கு வரும்படி வரிசைக்கு நான்கே இருக்கைகள் வைக்கும் அமைப்பு பரவியது. 2017இல் கத்தார் ஏர்வேஸ் இருக்கைக்குக் கதவும் வைத்தது. பழைய விமானங்களில் இன்னும் வரிசைக்கு ஆறு இருக்கைகள் கொண்ட வணிக வகுப்பு உண்டு. அங்கே ஜன்னலோரம் படுத்திருப்பவர் கழிப்பறைக்குப் போக வேண்டுமானால் உறங்கும் பக்கத்துப் பயணியின் கால்களைத் தாண்ட வேண்டும்.

முதல் வகுப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஏ380 விமானத்தில் எமிரேட்ஸ் வைத்த குளியலறை, எதிஹாட் வைத்த மூன்று அறை வீடு ஆகியவை பேசப்பட்ட அளவுக்குப் பயன்படுத்தப்பட்டவை அல்ல. வணிக வகுப்பே படுக்கையும் கதவும் தரத் தொடங்கிய பிறகு முதல் வகுப்பை நீக்கிய நிறுவனங்கள் பல.

கேட்கும் விலை தகுமா?

இதற்கு விடை காண ஒரு எளிய கணக்கு உதவும். போயிங் 777 விமானத்தை எடுத்துக்கொள்வோம். சிக்கன வகுப்பில் வரிசைக்கு 10 பேர், இடைவெளி 31 அங்குலம். பிரீமியம் எகானமியில் வரிசைக்கு 8 பேர், இடைவெளி 38 அங்குலம். பத்தை எட்டால் வகுத்து, 38ஐ 31ஆல் வகுத்து, இரண்டையும் பெருக்கினால் ஏறத்தாழ 1.5 வரும். அதாவது பிரீமியம் எகானமிப் பயணி ஒன்றரைப் பங்கு தரையை எடுத்துக்கொள்கிறார். வணிக வகுப்பில் வரிசைக்கு 4 பேர், வரிசைக்கு ஏறத்தாழ 43 அங்குலம் என்றால் இதே கணக்கில் மூன்றரைப் பங்கு.

சிக்கன வகுப்புக் கட்டணம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இடத்துக்கு மட்டும் விலை என்றால் பிரீமியம் எகானமி 90,000 ரூபாய்க்கும், வணிக வகுப்பு 2,10,000 ரூபாய்க்கும் கிடைக்க வேண்டும். பிரீமியம் எகானமிக்கு 1,20,000 கேட்கப்பட்டால் கூடுதலான 30,000 ரூபாய் உணவுக்கும் பெட்டிக்கும் பெயருக்கும் போகிறது. 80,000 ரூபாய்க்கு வந்தால் அது இலாபமான பேரம். கட்டணம் நாளுக்கு நாள் மாறுவதால் இரண்டுமே நடக்கும். இந்தியாவில் வரியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: சிக்கன வகுப்புப் பயணச்சீட்டுக்குச் சரக்கு, சேவை வரி 5 விழுக்காடு, மற்ற வகுப்புகளுக்கு 12 விழுக்காடாக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 விழுக்காடு ஆனது. பிரீமியம் எகானமியும் இந்த உயர் விகிதத்துக்குள் வருகிறது.

இந்தத் தரைப்பரப்புக் கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. எரிபொருளின் புகையையும் இடத்தின் அளவுக்கே பங்கிட வேண்டும் என்பதால், நெடுந்தூரப் பயணத்தில் வணிக வகுப்புப் பயணிக்குச் சிக்கன வகுப்புப் பயணியைப் போல் ஏறத்தாழ 2.9 மடங்கும், முதல் வகுப்புப் பயணிக்கு 4 மடங்கும் கரிம உமிழ்வைப் பிரிட்டிஷ் அரசின் கணக்கீட்டு முறை ஏற்றுகிறது.

சென்னையிலிருந்து மதுரைக்கோ நெல்லைக்கோ இரவு ரயிலில் சாதாரணப் படுக்கை வகுப்பில் செல்பவர் சில நூறு ரூபாயில் காலை நீட்டிப் படுத்துச் செல்கிறார். அதே கிடைநிலை வானத்தில் இலட்சங்களில் விற்கிறது. விமானத்தில் எடையும் இடமும் எவ்வளவு அரிது என்பதை இதைவிடத் தெளிவாக விளக்க முடியாது.

உடல்நலம்

நெடுநேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தால் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையக்கூடும். அந்தக் கட்டி நுரையீரலுக்குப் போய் அடைத்தால் உயிருக்கே ஆபத்து. இதற்கு எகானமி வகுப்பு நோய்க்குறி என்ற பெயர் பரவிவிட்டது. பெயர் தவறானது. உலக சுகாதார நிறுவனம் 2007இல் வெளியிட்ட ஆய்வு, நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்குப் பின் இந்த ஆபத்து ஏறத்தாழ இரு மடங்காகிறது என்றும், ஆனாலும் 6,000 பேரில் ஒருவர் என்ற அளவிலேயே இருக்கிறது என்றும் கண்டது. விமானம் மட்டுமல்ல, பேருந்து, கார், ரயில் பயணங்களுக்கும் இது பொருந்தும். காரணம் அசைவின்மை. வணிக வகுப்பில் மாத்திரை போட்டுக்கொண்டு பத்து மணி நேரம் அசையாமல் தூங்குபவருக்கும் ஆபத்து உண்டு. சிக்கன வகுப்பில் நடைபாதை ஓரம் அமர்ந்து அடிக்கடி எழுந்து நடப்பவருக்குக் குறைவு. ஜன்னலோரம் அமர்பவர்கள் எழுவதற்குத் தயங்குவதால் அவர்களுக்குச் சற்று அதிகம். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள், முன்பே இரத்த உறைவு ஏற்பட்டவர்கள், புற்றுநோய் உள்ளவர்கள் பயணத்துக்கு முன் மருத்துவரைக் கேட்பது அவசியம்.

காற்றில் வகுப்பு வேறுபாடு இல்லை. பழைய விமானங்களில் உட்புறக் காற்றழுத்தம் ஏறத்தாழ 8,000 அடி உயர மலையில் இருப்பது போல் வரை குறையலாம். போயிங் 787, ஏ350 ஆகியவற்றில் அது 6,000 அடி அளவிலேயே வைக்கப்படுகிறது. ஊட்டி ஏறத்தாழ 7,350 அடி உயரத்தில் உள்ளது என்பதை நினைத்தால் வேறுபாடு புரியும். ஆகவே பழைய விமானத்தின் உயர் வகுப்பைவிடப் புதிய விமானத்தின் சிக்கன வகுப்பில் தலைவலியும் களைப்பும் குறைவாக இருக்கக்கூடும்.

குறுகலுக்கு எல்லை

ஒரு விமானத்தில் பாதிக் கதவுகள் மட்டுமே திறந்த நிலையில் எல்லோரும் 90 நொடிகளில் வெளியேற முடியும் என்று காட்டினால்தான் அந்த மாதிரிக்குச் சான்றிதழ் கிடைக்கும். 2006இல் ஏ380க்கு நடந்த சோதனையில் 873 பேர் 78 நொடிகளில் வெளியேறினர். இருக்கைகள் குறுகக் குறுக இந்த வேகம் நீடிக்குமா என்ற கேள்வி அமெரிக்காவில் நீதிமன்றம் வரை சென்றது. 2018இல் அந்நாட்டு நாடாளுமன்றம், இருக்கைகளுக்குக் குறைந்தபட்ச அளவை வகுக்கும்படி விமானப் போக்குவரத்துத் துறைக்குச் சட்டம் வழியாக ஆணையிட்டது. துறை பின்னர் நடத்திய சோதனைகளில் முதியவர்களோ குழந்தைகளோ உடல் ஊனமுற்றோரோ சேர்க்கப்படவில்லை. உண்மையான விமானத்தில் இருப்பவர்கள் அவர்களும்தானே என்ற விமர்சனம் எழுந்தது நியாயமே.

பயணத்துக்கு ஏற்ற வகுப்பு

சென்னையிலிருந்து சிங்கப்பூர், துபாய் போன்ற நான்கு மணி நேரப் பகல் பயணங்களில் உயர் வகுப்பு ஒரு சௌகரியம் மட்டுமே. சென்னை–லண்டன் போன்ற பத்து மணி நேரத்தைத் தாண்டும் பயணங்களில் அகலமும் சாய்மானமும் உண்மையான வேறுபாட்டைத் தருகின்றன. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், 18 மணி நேரத்துக்கு மேல் நீளும் சிங்கப்பூர்–நியூவர்க் தடத்தில் சிக்கன வகுப்பையே வைக்கவில்லை. அந்த ஏ350 விமானத்தில் வணிக வகுப்பில் 67, பிரீமியம் எகானமியில் 94 என மொத்தம் 161 இருக்கைகளே. அந்நிறுவனத்தின் வழக்கமான நெடுந்தூர ஏ350இல் 253 பேர் அமர்கிறார்கள்.

அமெரிக்காவில் உள்ள பிள்ளைகளைப் பார்க்கச் செல்லும் வயதான பெற்றோருக்குப் பயணம் இரண்டு கட்டங்களாக அமைகிறது. வளைகுடா வழியாகச் சென்றால் முதல் கட்டம் நான்கு மணி நேரம், அடுத்தது பதினான்கு மணி நேரமோ அதற்கு மேலோ. இரண்டுக்கும் உயர் வகுப்பு எடுப்பது வீண் செலவு; நீண்ட கட்டத்துக்கு மட்டும் உயர்த்திக்கொள்ளப் பல நிறுவனங்கள் இடமளிக்கின்றன. சிக்கன வகுப்பிலேயே செல்வதானால் வரிசைக்கு எத்தனை இருக்கைகள் என்பதை வரைபடத்தில் பார்த்து, கழிப்பறைக்கு மிக அருகில் இல்லாத நடைபாதை ஓர இருக்கையை முன்பதிவின்போதே எடுத்துக்கொள்ளலாம். சக்கர நாற்காலி உதவி, முன்கூட்டியே கேட்டால் எந்த வகுப்புப் பயணிக்கும் கிடைக்கும். கடைசி நேரத்தில் விமானத்தின் மாதிரி மாற்றப்பட்டால் பணம் கொடுத்து எடுத்த இருக்கையும் மாறிவிடும் என்பதால், புறப்படுவதற்கு முந்தைய நாள் இருக்கை எண்ணை மீண்டும் சரிபார்ப்பது நல்லது.