நான்கு நாளில் 35 லட்சம்: ஒரு புதுச் சரக்கு ஓடிய கதை

"முதலாளி, பத்துப் பெட்டி எடுத்துக்குங்க, இந்த வாரத்தோட ஸ்கீம் முடியுது" என்று ஏஜென்சிக்காரர் புதுச் சரக்கைக் கொண்டுவந்து வைக்கும்போது நம் மனத்தில் எழும் கேள்வி ஒன்றுதான்: இது ஓடுமா, தேங்குமா? ஓடினால் லாபம். தேங்கினால் கைமுதல் முடங்கும். செஞ்சிக் கடைவீதியில் பெரிய கடை வைத்திருப்பவர் அந்த முடக்கத்தைத் தாங்கிக்கொள்வார். சீயமங்கலம், தேசூர் பக்கம் சிறு கடை நடத்துபவருக்கு அது அடுத்த மாதக் கொள்முதலையே நிறுத்திவிடும். ஆகவே ஒரு புதுச் சரக்கு முதல் நாளிலிருந்தே ஓடுவது எதனால் என்று ஆராய்வது நமக்கு அவசியம்.

இதற்கு நல்ல உதாரணம் நம் தொழிலுக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இடத்தில் கிடைக்கிறது. ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 'ஸ்விட்ச் 2' என்ற வீடியோ கேம் கருவியை 2025 ஜூன் 5 அன்று விற்பனைக்கு விட்டது. நான்கே நாளில் உலகெங்கும் 35 லட்சத்துக்கு மேல் விற்றது. அந்த நிறுவனத்தின் கருவிகளில் வேறெதுவும் இவ்வளவு வேகமாக விற்றதில்லை. மளிகைக் கடைக்காரருக்கு வீடியோ கேம் எதற்கு என்று தள்ளிவிட வேண்டாம். 1990களில் டி.வி.யில் கேசட் மாட்டி மரியோவும் கான்ட்ராவும் விளையாடிய பிள்ளைகள்தாம் இன்று நம் கடைகளில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த மரியோவும் இதே நிறுவனத்தின் சரக்குதான்.

பழையது வீணாகவில்லை

முதல் காரணம், வாடிக்கையாளர் ஏற்கெனவே வாங்கி வைத்திருந்ததற்கு நிறுவனம் கொடுத்த மதிப்பு. 2017ல் வந்த பழைய ஸ்விட்ச் கருவி 15 கோடிக்கு மேல் விற்றிருந்தது. அதற்காக வாங்கிய விளையாட்டுகளில் பெரும்பாலானவை புதுக் கருவியிலும் ஓடும் என்று நிறுவனம் முன்கூட்டியே அறிவித்தது. பழைய சிலிண்டரும் ரெகுலேட்டரும் அப்படியே பொருந்தும் என்றால் புது அடுப்பு வாங்க இல்லத்தரசி தயங்கமாட்டார் அல்லவா? அதே கணக்குதான் இது.

பெயரும் குழப்பமில்லாதது. இரண்டு என்ற எண்ணே இது அடுத்த கருவி என்று சொல்லிவிடுகிறது. இதே நிறுவனம் 2006ல் விட்ட 'வீ' என்ற கருவி 10 கோடிக்கு மேல் விற்றது. 2012ல் அதற்கு அடுத்ததாக வந்த 'வீ யூ' ஒன்றரைக் கோடியைக்கூடத் தொடவில்லை. அது புதுக் கருவியா, பழைய கருவிக்கு ஒரு துணைச் சாமானா என்று பலருக்குப் புரியாமல் போனது அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

கிடங்கில் சரக்கு

இரண்டாவது காரணம் இருப்பு. 2020ல் சோனியின் பிளேஸ்டேஷன் 5 வந்தபோது போதிய சரக்கு இல்லை. கிடைத்ததை மொத்தமாக வாங்கிய இடைத்தரகர்கள் கூடுதல் விலைக்கு விற்றார்கள். இதைப் பார்த்த நின்டெண்டோ, பதுக்கலுக்கு மருந்து போதிய உற்பத்திதான் என்று முடிவு செய்தது. அப்படியும் ஜப்பானில் நிறுவனத்தின் சொந்தக் கடைக்கு மட்டும் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். குலுக்கல் முறை வைத்தார்கள். பழைய கருவியில் 50 மணி நேரத்துக்கு மேல் விளையாடி, ஓராண்டுக்குக் குறையாமல் சந்தா கட்டியவர்களே முதலில் விண்ணப்பிக்கலாம் என்று விதித்தார்கள். தீபாவளி நெருக்கத்தில் தட்டுப்பாடான சரக்கைப் பழைய வாடிக்கைக்கென்று எடுத்து வைக்கிறோமே, அந்த முறைதான் இது.

விலையும் சேர்க்கையும்

மூன்றாவது காரணம் விலை. 2025ல் அறிமுகமானபோது அமெரிக்காவில் கருவியின் விலை 449.99 டாலராக இருந்தது. 'மரியோ கார்ட் வேர்ல்டு' என்ற விளையாட்டின் தனி விலை அப்போது 79.99 டாலர். இரண்டும் சேர்த்து 499.99 டாலருக்குக் கிடைத்தன. சேர்த்து வாங்கியவருக்கு 30 டாலர் மிச்சமானது. 2025 ஏப்ரலில் அமெரிக்க அரசு இறக்குமதி வரியை உயர்த்தியபோது முன்பதிவைச் சில நாள் தள்ளி வைத்தார்கள். பிறகு துணைச் சாமான்கள் சிலவற்றின் விலையை ஏற்றினார்கள். கருவியின் அறிமுக விலையில் மட்டும் கை வைக்கவில்லை.

இதற்கு நேர்மாறாக நம் நாட்டிலேயே ஓர் அனுபவம் உண்டு. 1995ல் சேகா நிறுவனத்தின் 'மெகா டிரைவ்' கருவியை ஷா வாலஸ் நிறுவனம் இந்தியாவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அப்போது இறக்குமதி வரி 80 சதவீதம். அதைத் தவிர்ப்பதற்கே உள்நாட்டு நிறுவனத்துடன் கூட்டு. அப்படியிருந்தும் விலை ரூ.18,000. அன்றைக்கு ஒரு நல்ல கலர் டி.வி.யின் விலை அது. ஆகவே நடுத்தரக் குடும்பங்கள் சென்னை பர்மா பஜார் போன்ற இடங்களில் கிடைத்த விலை குறைந்த போலிக் கருவிகளையே வாங்கின. நம் பிள்ளைகளுக்கு மரியோ பழக்கமானதும் பெரும்பாலும் அந்த வழியில்தான். சரக்கு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது, வாங்குபவரின் கைக்கு எட்ட வேண்டும்.

கடைக்காரரின் நம்பிக்கை

நான்காவது காரணம் நம்மைப் பற்றியது. இதற்குச் சற்றுப் பின்னால் போகவேண்டும். 1983ல் அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் அடியோடு சரிந்தது. தேங்கிய சரக்கைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்ட கடைக்காரர்கள், இனி அந்தப் பெயரையே எடுக்காதீர்கள் என்றார்கள். 1985ல் நின்டெண்டோ நியூயார்க் நகரில் தன் கருவியுடன் கடை கடையாக ஏறியது. "90 நாள் வரை பணம் வேண்டாம். விற்றதற்கு மட்டும் கொடுங்கள், விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள்கிறோம்" என்பது அதன் பேச்சு. கடையில் காட்சிக்கு வைக்கும் வேலையையும் அதன் ஆட்களே செய்தார்கள். நஷ்டத்தைத் தயாரிப்பாளர் ஏற்றதால்தான் கடைக்காரர் கதவைத் திறந்தார். அடுத்த ஆண்டே அது அமெரிக்கா முழுவதும் போயிற்று.

எச்சரிக்கையும் வேண்டும்

முதல் வார ஓட்டத்தை மட்டும் பார்த்து ஏமாறவும் கூடாது. சேகாவின் 'டிரீம்காஸ்ட்' 1999 செப்டம்பர் 9 அன்று அமெரிக்காவில் வெளிவந்து, ஒரே நாளில் இரண்டேகால் லட்சம் விற்றது. ஆனால் அடுத்த ஆண்டு வந்த பிளேஸ்டேஷன் 2, விளையாட்டோடு டி.வி.டி. படமும் காட்டியது. 2001ல் டிரீம்காஸ்ட் உற்பத்தியே நின்றது. கருவி செய்யும் தொழிலையே சேகா கைவிட்டது. முதல் நாள் வாங்குபவர் ஆசைக்கு வாங்குகிறார். இரண்டாவது முறை வந்து கேட்பவர்தான் வியாபாரத்தை நிலைநிறுத்துகிறார்.

ஆகவே புதுச் சரக்கு வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டுப் பழகுவோம். நம் வாடிக்கையாளர் ஏற்கெனவே வாங்கும் பொருளோடு இது பொருந்துகிறதா? கேட்கும்போது தொடர்ந்து சப்ளை வருமா? வெள்ளிக்கிழமைச் சந்தைக்கு வருபவரின் கையிலுள்ள பணத்துக்குள் விலை அடங்குகிறதா? விற்காததையும் காலாவதியானதையும் திருப்பி எடுப்பார்களா? கடைசிக் கேள்விக்கு வாய்ப்பேச்சு போதாது, பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

நான்குக்கும் 'ஆம்' என்றாலும் முதல் தடவை ஒரு பெட்டி போதும். அது விற்று, வாங்கிப்போனவரே மறுபடி வந்து கேட்ட பிறகு பத்துப் பெட்டி எடுக்கலாம். ஸ்கீம் போனால் இன்னொரு ஸ்கீம் வரும். போன கைமுதல் அவ்வளவு சுலபத்தில் திரும்பி வராது.