மேடு பள்ளம் தாண்டும் வாகனம்

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் தாராவியிலும் வாழும் நம்மவர் இல்லங்களில், பிள்ளை வேலையில் அமர்ந்து கையில் நாலு காசு சேர்ந்ததும் மோட்டார் சைக்கிள் பேச்சு எழுவது இயல்பே. தந்தையார் சிக்கனமான வண்டி ஒன்றைச் சொல்வார். தாயார் வண்டியே வேண்டாம் என்பார். பிள்ளையோ, ஒட்டகம்போல் உயர்ந்து, முன்சக்கரத்துக்கு மேலே மூக்கை நீட்டிக்கொண்டு நிற்கும் ஒரு வாகனத்தின் படத்தைக் காட்டுவான். அவ்வகைக்கு ‘என்டியூரோ’ என்று பெயர். சாலை இல்லாத இடத்திலும் செல்லும் என்பது அதன் பெருமை. சாலைகள் நிறைந்த மாநகரில் அது எதற்கு என்பது பெரியோர் வினா. இரு தரப்பிலும் நியாயம் இருத்தலால், இவ்வாகனத்தை வைத்திருப்பதன் இன்பத்தையும் தொல்லையையும் இங்கே ஆராய முற்படுகிறோம்.

‘என்டியூரோ’ என்னும் சொல், தாக்குப்பிடித்து நிற்கும் ஆற்றலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. 1913-ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கார்லைல் நகரில் ஆறு நாள் நடைபெறும் மோட்டார் சைக்கிள் சோதனை ஒன்று தொடங்கிற்று. கல்லும் சேறும் ஓடையும் கடந்து வண்டி உருப்படியாக வந்து சேருகிறதா என்று பார்ப்பதே அதன் நோக்கம். 1981 முதல் அப்போட்டியின் பெயரிலேயே ‘என்டியூரோ’ ஏறிவிட்டது. நம் நாட்டுக்கு இவ்வகை தாமதமாகவே வந்தது. 2011-இல் வந்த ஹீரோ இம்பல்ஸ் போதிய ஆதரவின்றி மறைந்தது. 1955-இல் சென்னையில் தொழில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் புல்லட் வண்டிகளைச் செய்து புகழ்பெற்ற ராயல் என்ஃபீல்டு, 2016-இல் ஹிமாலயனை வெளியிட்டது. 2019-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் ரூபாய் விலையில் ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200 வந்த பிறகே, மாதச் சம்பளக்காரனுக்கும் இந்த ஆசை எட்டும் தூரத்தில் வந்தது. இவற்றைக் கலப்பற்ற என்டியூரோ என்று வல்லுநர் ஒப்பார். ஆனால் அவர்கள் ஒப்பும் பந்தய வண்டிகளுக்குப் பதிவு எண்ணே கிடைப்பதில்லை. லாரியில் ஏற்றித்தான் மைதானத்துக்குக் கொண்டு செல்ல வேண்டும். மாட்டுங்காவில் லாரியை எங்கே நிறுத்துவது?

இவ்வாகனத்தின் சூட்சுமம் எஞ்சினில் இல்லை. சக்கரத்திலும் அதைத் தாங்கும் சுருள்வில்லிலும் இருக்கிறது. சாதாரண மோட்டார் சைக்கிளின் முன்சக்கரம் பெரும்பாலும் 17 அல்லது 18 அங்குலம். இதற்கோ 21 அங்குலம். சிறு சக்கரம் குழிக்குள் இறங்கி அடிபடும். பெரிய சக்கரம் குழியின் விளிம்பை மிதித்து ஏறிவிடும். மாட்டுவண்டிக்கு அத்தனை பெரிய சக்கரம் ஏன் என்று அறிந்த நம் கிராமத்துப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எக்ஸ்பல்ஸின் முன்புறத் தாங்கி 190 மில்லிமீட்டர் வரை அமுங்கி எழும், பின்புறம் 170. வண்டியின் அடிவயிற்றுக்கும் தரைக்கும் இடைவெளி 220 மில்லிமீட்டர். கரடுமுரடான நிலத்தில் ஓட்டுபவர் உட்கார்ந்திருப்பதில்லை. கால்மிதியில் எழுந்து நின்று, முழங்காலைத் தளர்த்தி, வண்டியைத் தம் உடலுக்கு அடியில் ஆடவிட்டு ஓட்டுகிறார். இக்கலை கைவந்த அன்று அவர் அடையும் மகிழ்ச்சி, நீச்சல் கற்றவன் முதன்முதலில் கிணற்றில் மிதந்த மகிழ்ச்சியை ஒத்தது.

மழைக்காலத்து மும்பை இவ்வாகனத்துக்கென்றே அமைந்ததோ என்று எண்ணத் தோன்றும். ஜூலை மாதத்தில் மற்றவர்கள் குழிக்குக் குழி முதுகைப் பிடித்துக்கொண்டு செல்லும் சாலையில், இவ்வண்டிக்காரர் மட்டும் முகம் சுளிக்காமல் செல்வார். ஆயினும் தேங்கிய நீரில் துணிவு ஆகாது. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவே அதன் எல்லை. உள்ளே புகுந்த நீர், காற்றைப் போல அழுத்தத்துக்கு அடங்காது. பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்துவிடும். நீரில் நின்ற வண்டியை மீண்டும் இயக்கிப் பார்த்து எஞ்சின் கெட்டால், சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குப் பெரும்பாலும் பணம் வராது. அதற்கெனத் தனிப் பாதுகாப்பு வாங்கியிருக்க வேண்டும். 2005 ஜூலை 26-ஆம் நாள் சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதைக் கண்ட நகரத்தில் இதை அறியாமல் இருத்தல் தகாது.

உண்மையான இன்பம் நகருக்கு வெளியே இருக்கிறது. செம்பூரிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, மான்குர்த், வாஷி, பன்வேல் வழியாகக் கோபோலிக்குச் சென்றால் மலைத்தொடர் எதிர்ப்படும். கல்யாண், முர்பாட் வழி சென்றால் மால்ஷேஜ் கணவாய். பக்கத்து மண்பாதையில் இறங்கியதும், வாரம் முழுதும் அலுவலகத்தில் குனிந்திருந்த முதுகு நிமிர்கிறது. ஆனால் மலைமேல் ஓடவல்ல இவ்வண்டிக்கு வழியிலேயே எத்தனை தடைகள்! மும்பை–புனே விரைவுச்சாலையில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதி இல்லை. 2009-இல் திறந்த பாந்த்ரா–வோர்லி கடற்பாலத்திலும், 2024-இல் திறந்த அடல் சேதுவிலும் அதே விதி. மாதேரான் மலைக்குச் சென்றால் தஸ்தூரி நாக்காவுடன் நம் வண்டி நின்றுவிடும். கர்னாலா போன்ற சரணாலயங்களுக்குள் பாதை விட்டு இறங்குவது குற்றம். இத்தடைகளில் கடைசி இரண்டை நாம் முழுமனதோடு வரவேற்கிறோம். நெல்நாற்று நட்ட வயலின் வரப்பில் வண்டியை ஏற்றிப் படம் எடுத்துக்கொள்ளும் சிலரைப் பற்றி எழுதவே நமக்கு நாணமாக இருக்கிறது.

வீட்டுக்குள்ளும் தொல்லை உண்டு. இருக்கையின் உயரம் 820 மில்லிமீட்டருக்கு மேல். சராசரி உயரமுள்ள நம் இளைஞன் சிக்னலில் நுனிக்காலில் நிற்கிறான். பின்னால் சேலை கட்டிய அன்னையார் ஏறி அமர்வது அதைவிடக் கடினம். தாராவியின் சந்துகளில் அகன்ற கைப்பிடி இருபுறச் சுவரையும் உரசும். மலையைக் கடந்த வண்டி வீட்டு வாசலை அடைய முடியாமல் பெருந்தெருவில் நிற்பது விந்தையே! கம்பிச் சக்கரத்துக்கு ட்யூப் வேண்டும். ஆணி ஏறினால் சக்கரத்தையே கழற்ற வேண்டும். உதிரிப் பாகம் தேடிக் குர்லாவின் சி.எஸ்.டி. சாலையில் ஒரு சனிக்கிழமை கழியும். ஆசைப்பட்டபடி மாற்றியமைக்கவும் வழியில்லை. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியைத் திருத்தலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்துள்ளது.

இவ்வண்டியிலேயே ஊருக்குப் போகலாமே என்று கேட்பவர் உண்டு. மும்பையிலிருந்து திருநெல்வேலிக்கு ஏறத்தாழ 1,600 கிலோமீட்டர். 200 சி.சி. ஒற்றை சிலிண்டர் எஞ்சின் 80 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக இருக்கும். அதற்கு மேல் கை மரத்துப்போகும். சேற்றுக்கென்று முரட்டுக் கட்டை டயர் மாட்டியிருந்தால், தார்ச்சாலையில் அது ரப்பர் அழிப்பான்போல் தேய்ந்துவிடும். இருப்பினும் செல்பவர் செல்கின்றனர். வழியில் ஓசூர் வரும்போது ஒன்றை நினைவுகூரலாம். அங்கே ஆலை கொண்ட டி.வி.எஸ். நிறுவனத்தின் அணியில் ஓடிய ஐஸ்வர்யா பிஸ்ஸே 2019-இல் பெண்களுக்கான பாஹா உலகக் கோப்பையை வென்றார். அதே அணியின் கேரள வீரர் ஹரித் நோவா, சவூதி அரேபிய மணற்காட்டில் நடந்த 2024 டக்கார் போட்டியில் தம் பிரிவில் முதலிடமும் ஒட்டுமொத்தத்தில் 11-ஆம் இடமும் பெற்றார். இவ்வெற்றிகளைக் கேட்டுத் தம் பிள்ளையும் பந்தயத்தில் இறங்குவான் என அஞ்சும் பெற்றோர், பந்தயத்திலும் தாங்குதிறன் சோதனையிலும் நேரும் சேதத்துக்குச் சாதாரண இன்ஷூரன்ஸ் பொறுப்பேற்பதில்லை என்பதை அவனுக்குச் சொல்லி வைக்கலாம். 2022 ஜூன் முதல் மும்பையில் பின்னால் அமர்பவர்மீதும் தலைக்கவச விதி கண்டிப்பாகச் செலுத்தப்படுகிறது. ஆகவே வண்டியின் விலையோடு இரண்டு நல்ல கவசங்களின் விலையையும், முழங்கால் காப்பு, கனத்த காலணி ஆகியவற்றின் விலையையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

இவை யாவும் கணக்கிட்ட பின்னும் எஞ்சுவது தண்ணீர். மால்ஷேஜிலிருந்து ஞாயிறு இரவு திரும்பும் வண்டியின்மேல் சேறு அப்பியிருக்கும். செயினையும் சுருள்வில்லையும் உடனே கழுவித் துடைத்து எண்ணெய் இடாவிட்டால் மழைக்காலத்தில் துரு ஏறிவிடும். குழாயில் நேரம் வைத்துத் தண்ணீர் வரும் வீட்டில், குடம் வரிசையில் நிற்கும்போது வண்டிக்கு இரண்டு வாளி கேட்கும் பிள்ளைக்கு என்ன விடை கிடைக்கும் என்பதை நாம் எழுத வேண்டியதில்லை. ஈரச்சாக்கால் துடைத்துவிட்டு மறுநாள் காலை அலுவலகத்துக்கு அதே வண்டியில் சேற்றோடு போய் வருபவர்களை நாம் அறிவோம். அவர்கள் முகத்தில் வருத்தம் ஏதும் தெரிவதில்லை.